தெரிந்தே தோண்டும் பள்ளம்!

'கேடு' என்று பாட்டிலிலேயே அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுக் குடிக்கிற ஆசாமியைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் குடிக்காத, சீட்டாடாத, விடியற்காலையிலேயே வயலில் நிற்கிற மனிதர்களும் தெரிந்தே தப்பான பக்கம் போகிறார்களே, ஏன்?

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் பாகூர். வில்லியனூர் பக்கம் இருக்கும் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரிய ஏரி இங்கேதான். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து சேரும். ஏரி நிரம்பினால் எல்லாருக்கும் பங்கு. தூர் வாருவதிலும் எல்லாருக்கும் பங்கு.

அப்புறம் வந்தது போர்வெல். மடை திறக்கக் காத்திருக்க வேண்டாம், சுவிட்சைத் தட்டினால் போதும்! சொந்த மோட்டார் வந்தவருக்கு ஏரி மேல் அக்கறை போச்சு. ஏரி மேடு தட்டியது. ஏரியை நம்பியிருந்தவரும் போர் போட்டார். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடலோரப் பக்கம் உப்பு எட்டிப் பார்த்தது.

"இப்படியே உறிஞ்சினால் நாளைக்கு உப்புத் தண்ணிதானே வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாம என்ன தம்பி? நான் விட்டா பக்கத்து வயக்காரன் உறிஞ்சிடுவானே!" என்பார்கள்.

நான் படித்தது பி.காம். அந்தக் கணக்குப்படி இவர்கள் முட்டாள்கள் இல்லை. லாபம் முழுசாகத் தனக்கு, நஷ்டம் ஊருக்கே பங்கு. மகசூல் இந்தப் போகத்திலேயே கைக்கு வரும், உப்பு மெதுவாகத்தான் வரும். ஓடுகிற மணிக்குக் கணக்குப் பார்த்து கரண்ட் பில்லும் வருவதில்லை. ஆக, ஒவ்வொருத்தர் கணக்கும் சரி. ஊர்க் கணக்கு மட்டும் தப்பு!

1968-ல் அமெரிக்க விஞ்ஞானி காரெட் ஹார்டின் இதையே பொது மேய்ச்சல் நிலத்தை வைத்து எழுதினார். ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால், கடைசியில் யார் மாட்டுக்கும் புல் இருக்காது. 'அப்படியானால் விமோசனமே இல்லையா?' என்றால், உண்டு என்றார் எலினார் ஆஸ்ட்ரம். பொதுச்சொத்தை அனுபவிக்கிறவர்களே கூடிச் சட்டம் போட்டு, ஒருத்தரை ஒருத்தர் கண்காணித்தால் காப்பாற்றலாம் என்று பல ஊர்களைக் காட்டி நிரூபித்தார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்மணி இவர்தான்.

புதுச்சேரியிலும் 1999-ல் ஐரோப்பிய யூனியன் உதவியோடு ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தது. கரையைப் பலப்படுத்தியதோடு நிற்காமல், ஊருக்கு ஊர் ஏரிச் சங்கம் அமைத்ததுதான் அதில் விசேஷம். மண்ணை அள்ள மிஷின் போதும். மனுஷனை நம்ப வைக்கத்தான் சங்கம் வேண்டும்!

தெரிந்தே தப்பு செய்கிறவருக்கு உபதேசம் பண்ணிப் பயனில்லை. அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! 'நான் நிறுத்தினால் அடுத்த வயலும் நிறுத்தும்' என்ற உத்தரவாதம்தான் அவருக்கு வேண்டும். அதற்கு ஏரிக்கரையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.

போர் போடுவதைவிட அதற்குச் செலவு கம்மிதான், சார்!