பழைய கணினியில் இடம் போதவில்லையா? இன்னொரு ஹார்டு டிஸ்க் போதும்

பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினி பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தாவின் கடைக் கணக்கு, பிள்ளைகளின் பாடங்கள், நிக்காஹ் வீடியோ, ஸ்கேன் செய்த பத்திர நகல்கள் எல்லாம் அதில்தான். ஒரு நாள் டிரைவ் சிவப்பாகி, இடமில்லை என்கிறது. உடனே சிலர் பழைய படங்களை அழிக்கிறார்கள். சிலர் கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்குகிறார்கள். இரண்டும் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குள்ளேயே இன்னொரு ஹார்டு டிஸ்க் மாட்டலாம். செலவு புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

முதலில் குறை எது என்று பாருங்கள். இடம் போதாவிட்டால் சாதாரண 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் போதும். இடமிருந்தும் கணினி மெதுவாக இருந்தால், விண்டோஸை ஒரு சிறிய எஸ்.எஸ்.டி.யில் போடுவதே பலன் தரும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு சி.பி.யு. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

1. டிஸ்கை மாட்ட காலியான தட்டு இருக்கிறதா?

2. மதர்போர்டில் காலியான சாட்டா இணைப்பு இருக்கிறதா? இப்போதுள்ள டிஸ்க் விரல் அகலம்கூட இல்லாத ஒல்லியான கேபிளில் இருந்தால் அது சாட்டா. பட்டையான, அகன்ற கேபிளாக இருந்தால் அது பழைய ஐ.டி.இ. வகை, சாட்டா டிஸ்க் அதில் நேரடியாகப் பொருந்தாது.

3. பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பிகளில் காலியான சாட்டா முனை இருக்கிறதா? இல்லாவிட்டால் மாற்று கேபிள் கிடைக்கும். மட்டமானது சூடாகி உருகும் ஆபத்து உண்டு. நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு கொள்ளளவு?

வீட்டு உபயோகத்துக்கு 1 அல்லது 2 டெராபைட் போதும். அதற்கு மேல் போனால் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் முழு இடத்தையும் பயன்படுத்த முடியாது, ஜி.பி.டி. முறை வேண்டும். 1 டெராபைட் டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு என்பதே காரணம்; கடைக்காரர் ஏமாற்றவில்லை. கேபிளும் திருகுகளும் பெரும்பாலும் டிஸ்குடன் வராது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் முறை

முதலில் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவிலாவது நகல் எடுங்கள். கணினியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மிச்சமுள்ள மின்சாரம் வெளியேறும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு டிஸ்கைக் கையில் எடுங்கள். தட்டில் செருகி, ஆடாமல் திருகுங்கள். இரண்டு கேபிள்களின் முனையும் ‘எல்’ வடிவில் இருக்கும். ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையாவிட்டால் திருப்பிப் பாருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள்.

பிறகு கணினியை இயக்குங்கள். விண்டோஸ் வராவிட்டால் பதற வேண்டாம். பயாஸ் அமைப்பில் பழைய டிஸ்கை முதலாவதாக வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இங்கேதான் கவனம் வேண்டும்

புது டிஸ்க் தானாகத் தெரியாது. ‘கம்ப்யூட்டர்’ அல்லது ‘திஸ் பிசி’ மீது வலது கிளிக் செய்து ‘மேனேஜ்’, அதில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறங்கள். புது டிஸ்கைத் தயார்செய்யலாமா என்று கேட்கும், சம்மதியுங்கள். பிறகு ‘அன்அலோகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையுடன் தெரியும் பகுதியில் மட்டும் வலது கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுங்கள். என்.டி.எஃப்.எஸ். முறையைத் தேர்ந்தெடுங்கள்.

நீலப் பட்டையுள்ள பழைய டிஸ்கைத் தொடவே தொடாதீர்கள். அவசரத்தில் அதை ஃபார்மட் செய்துவிட்டால் பல வருடப் படங்களும் கணக்குகளும் ஒரே நொடியில் போய்விடும். டிஸ்கின் அளவைப் பார்த்து, இதுதான் புதியது என்று உறுதிசெய்த பிறகே பட்டனை அழுத்துங்கள்.

கடைசியாக ஒன்று

புது டிஸ்க் வந்ததும் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டுப் பழையதில் அழித்துவிடுகிறோம். அப்போதும் இருப்பது ஒரே நகல்தான். புது டிஸ்கும் ஒரு நாள் பழுதாகும். பத்திரம், சான்றிதழ், குடும்பப் படங்கள் இரண்டு டிஸ்கிலும் இருக்கட்டும். இடி மின்னலில் பெட்டியே பழுதானால் இரண்டும் சேர்ந்து போகலாம். ஆகவே இன்னொரு நகலைப் பென் டிரைவில் போட்டு, மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.