"பில் வேண்டாம் சார், ரேட் குறைச்சுத் தர்றேன்": கார் மாடிஃபிகேஷன்ல நீங்க பார்க்காத கணக்கு

சென்னை ஜிபி ரோட்டுல கார் ஆக்சஸரிஸ் வாங்கப் போனவங்களுக்கு இந்த வசனம் மனப்பாடமா இருக்கும். "சார், பில் வேணும்னா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் ஏறும். வேண்டாம்னா இதே ரேட்டுக்கு எடுத்துக்கோங்க." 60,000 ரூபாய்க்கு அலாய் வீலும் டயரும் பேசி முடிச்சிருக்கீங்கன்னு வைங்க. பில் இல்லாம வாங்கினா 10,800 ரூபாய் மிச்சம். பல கார் பாகங்களுக்கு முன்னாடி 28% வரி இருந்தது, 2025 செப்டம்பர் 22-லேருந்து 18% ஆயிடுச்சு. ஆனா வரி குறைஞ்சதால இந்த வசனம் ஒண்ணும் குறையல.

மாடிஃபை பண்ணாதீங்கன்னு சொல்ல நான் வரல. அந்தப் பணத்தை எஸ்ஐபி-ல போட்டா 20 வருஷத்துல எவ்வளவு ஆகும்னு பிரசங்கமும் பண்ணப்போறதில்ல. ஒருத்தருக்கு பட்டுப்புடவை பிடிக்கும், ஒருத்தருக்கு கார் பிடிக்கும், உங்க காசு. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: 60,000 ரூபாய் பாகம் ஒண்ணு, 7 லட்சம் ரூபாய் காரோட க்ளெய்மைக் கெடுக்குமா? சில நேரம் கெடுக்கும். எந்த நேரத்துலன்னு பார்ப்போம்.

முதல்ல ஐடிவி. உங்க கார் திருடு போனாலோ, சரிபண்ண முடியாத அளவுக்கு அடிபட்டாலோ இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கற உச்சத்தொகை அதுதான். கம்பெனி விலையில வயசுக்குத் தகுந்த தேய்மானத்தைக் கழிச்சு இதைப் போடுவாங்க. 10 லட்சம் ரூபாய் காருக்கு 2 வருஷம் முடிஞ்சு 3-வது வருஷம் ஓடுதுன்னா 30% கழிச்சு 7 லட்சம். இந்த 7 லட்சத்துக்குள்ள ஷோரூம்லேருந்து வந்த கார் மட்டும்தான் இருக்கு. நீங்க வெளியில போட்ட 60,000 ரூபாய் வீலும் 45,000 ரூபாய் மியூசிக் சிஸ்டமும் அதுல கிடையாது. ஜீரோ டெப் எடுத்திருக்கேனேன்னு கேட்பீங்க. பாலிசியில சொல்லாத பொருளுக்கு ஜீரோ டெப்பும் வராது.

சேர்க்க வழி இருக்கு. ஆன்லைன்ல ரெனியூ பண்றப்போ எலக்ட்ரிகல் ஆக்சஸரிஸ், நான்-எலக்ட்ரிகல் ஆக்சஸரிஸ்னு ரெண்டு பெட்டி வரும். நம்மள்ல பாதிப் பேர் ரெண்டுலயும் பூஜ்யம் விட்டுட்டு அடுத்த பக்கம் போயிடறோம், ஏன்னா பிரீமியம் ஏறிடுமோன்னு பயம். எவ்வளவு ஏறும்? எலக்ட்ரிகல் பொருளுக்கு வழக்கமா மதிப்புல 4%. 45,000 ரூபாய் மியூசிக் சிஸ்டத்துக்கு வருஷம் 1,800, ஜிஎஸ்டி சேர்த்து 2,124 ரூபாய். வீல் மாதிரி எலக்ட்ரிகல் இல்லாத பொருளோட மதிப்பு ஐடிவி-யோட சேரும், காருக்கு என்ன ரேட்டோ அதே ரேட். சென்னையில 1000-லேருந்து 1500 சிசி வரைக்கும், 5 வயசு தாண்டாத காருக்குப் பழைய டாரிஃப் ரேட் 3.283%. இப்போ கம்பெனிங்க அதுல தள்ளுபடி கொடுக்கறாங்க. தள்ளுபடியே இல்லாட்டியும் 60,000-க்கு 1,970 ரூபாய், வரி சேர்த்து 2,325 வரும். ரெண்டுக்கும் சேர்த்து வருஷத்துக்கு நாலரை ஆயிரத்துக்குள்ள. அடுத்தடுத்த வருஷம் பொருளோட மதிப்பு குறையக் குறைய இதுவும் குறையும்.

ஆனா அந்தப் பெட்டியில எழுதின மதிப்புக்கு ஆதாரம் எது? பில். அது இல்லாம 60,000-ன்னு நீங்க சொன்னா சர்வேயர் ஏன் நம்பணும்? கடையில மிச்சம் பண்ண 10,800 ரூபாய்க்கு இதுதான் விலை.

பொருள் போனா பரவாயில்ல, காரே போனா?

என்கிட்ட வருமான வரி ரிட்டர்ன் போடற ஒருத்தர். ஐடி வேலை, ஓஎம்ஆர்ல வீடு. ராத்திரி ஈசிஆர்ல ஓட்டறப்போ கம்பெனி ஹெட்லைட் வெளிச்சம் பத்தலைன்னு எச்4 பல்பைக் கழட்டிட்டு 100/90 வாட் பல்பு போட்டார், கூட ரெண்டு ஃபாக் லைட். எல்லாம் சேர்த்து சில ஆயிரம் ரூபாய், பில் இல்ல.

கம்பெனி போடற எச்4 பல்பு 60/55 வாட். 12 வோல்ட்ல ஹை பீமுக்கு ஒரு பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் போட்டா 8 ஆம்பியருக்கு மேல. ஒயரும் சுவிட்சும் ஹோல்டரும் பழைய அளவுக்குப் போட்டது. ரிலேயோட தனி ஒயரிங் கிட் போட்டா அந்தச் சுமை பழைய ஒயர்ல ஏறாது. அதைப் போடாம, ஹெட்லைட் ஒயரையே உரிச்சு ஃபாக் லைட்டுக்கும் ஜாயின்ட் கொடுத்து இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருக்காங்க. ஒருநாள் ராத்திரி வீட்டுக்கு வந்து நிறுத்தின கொஞ்ச நேரத்துல பானட்டுக்குள்ளேருந்து புகை. இன்ஜின் பக்கம் முழுக்க எரிஞ்சுடுச்சு.

சர்வேயர் வந்தார், அந்த டேப் சுத்தின ஜாயின்ட்டை மட்டும் நாலு கோணத்துல போட்டோ எடுத்தார். லைட்டுக்கு பில் கேட்டார். கடைக்காரர் போன்ல "ஞாபகம் இல்லையே சார்"னுட்டார். சில வாரம் கழிச்சு கடிதம்: காரில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை, காரைப் பாதுகாக்க நியாயமான அக்கறை எடுக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, க்ளெய்ம் நிராகரிப்பு. கார் இல்ல, கார் லோன் இருக்கு. மாசம் 5-ம் தேதி ஈஎம்ஐ போயிட்டே இருக்கு.

அந்த நிபந்தனை எல்லா மோட்டார் பாலிசியிலயும் உண்டு, யாரும் படிக்கறதில்ல. அதுக்காக முழுசா மறுத்ததை அப்படியே ஏத்துக்கணும்னும் இல்ல. போட்ட பாகத்துக்கும் நடந்த சேதத்துக்கும் தொடர்பு இருக்கான்னு கேட்க உங்களுக்கு இடம் உண்டு. பின்னாடிலேருந்து லாரி இடிச்ச காருக்கு, மியூசிக் சிஸ்டம் மாத்தினதைக் காரணம் காட்டி மறுத்தா அது நிக்காது. நிபந்தனை மீறல் இருந்தாலும் சில வகை வழக்குல நான்-ஸ்டாண்டர்ட் முறையில ஒரு பங்கு கொடுத்துத் தீர்க்கணும்னு சட்டத்துல வழி இருக்கு. 2010-ல அமலேந்து சாஹூ வழக்குல, சொந்த உபயோகக் காரை வாடகைக்கு விட்டதுக்காக க்ளெய்மை மொத்தமா மறுக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அங்க பேசப்பட்ட வழிகாட்டு முறையில உச்சம் 75%. நம்ம நண்பர் விஷயத்துல சிக்கல், தீக்குக் காரணமே அந்த ஜாயின்ட்டுதான்னு சர்வேயர் எழுதிட்டார். இப்போ ஆம்பட்ஸ்மேன்கிட்ட இருக்கு.

சாலையில போறவருக்கு உங்க காரால அடிபட்டா, அது தேர்ட் பார்ட்டி. அந்த இழப்பீடு பொதுவா அவருக்குப் போய்ச் சேர்ந்துடும். மாடிஃபிகேஷன் பிரச்சனையில மாட்டறது பெரும்பாலும் உங்க சொந்தக் காரோட ஓன் டேமேஜ் பகுதிதான்.

டயர் சண்டை

கார்ப் பிரியர்களுக்குள்ள ஓயாத சண்டை இது. ஒரு கட்சி, "கம்பெனி கஞ்சத்தனம் பண்ணி ஒல்லி டயர் கொடுத்திருக்கான், மாத்தினாத்தான் பிரேக் பிடிக்கும்". இன்னொரு கட்சி, "இன்ஜினியர் முட்டாளா? ஸ்டாக்ல கை வைக்காதே". என்னைக் கேட்டா ரெண்டு கட்சியும் அளவைச் சொல்லாம பேசறதுதான் தப்பு.

ஸ்விஃப்ட்டை எடுத்துக்கோங்க. கீழ் வேரியன்ட்டுக்கு 165/80 ஆர்14, டாப் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15. முதல் டயரோட மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், ரெண்டாவது 621.5. வித்தியாசம் 0.3%. கம்பெனியே அதே காருக்குக் கொடுக்கற அளவு. ஸ்பீடோமீட்டர் குழம்பாது, ஃபெண்டர்ல உரசாது, சர்வேயர் கேட்டா பதில் இருக்கு. இதை மாத்தினா நான் குறை சொல்ல மாட்டேன். அதே கார்ல பார்வைக்கு கெத்தா இருக்கணும்னு 205/65 ஆர்15 போட்டா விட்டம் 647.5. நாலரை சதவீதம் பெருசு. மீட்டர்ல 100 காட்டறப்போ நீங்க போறது 104-க்கு மேல. பிக்-அப் குறையும், ஸ்டீயரிங் திருப்பறப்போ உரசும், பிரேக்குக்கு வேலை கூடும்.

அலாய்ல இன்னொரு விஷயம். நாலு போல்ட்டும் சேர்ந்தா வீல் சேர்ந்துடுச்சுன்னு நினைக்கறாங்க. நடு ஓட்டை காரோட ஹப்புக்குச் சரியா உட்காரணும், பெருசா இருந்தா ஹப் ரிங் போடணும். இல்லாட்டி 80-ல ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும், அலைன்மென்ட் கடைக்கு அலைவீங்க. டயர்லயும் வீல்லயும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து வாங்குங்க.

டயரைப் பத்தி இவ்வளவு பேசறவங்க சீட் கவரைப் பத்திப் பேசறதே இல்ல. இப்போ நிறைய கார்ல 6 ஏர்பேக். அதுல ரெண்டு முன் சீட்டோட பக்கவாட்டுல இருக்கும், சீட் ஓரத்துல ஏர்பேக்னு சின்னதா ஒரு லேபிள் தைச்சிருப்பாங்க. அந்தத் தையலைக் கிழிச்சுக்கிட்டுத்தான் பை வெளிய வரணும். டெலிவரி அன்னைக்கே கெட்டியான கவரைப் போட்டு இழுத்துக் கட்டிட்டா, காசு கொடுத்து வாங்கின ஏர்பேக் நேரத்துக்கு விரியாது. பக்கம் திறந்து விட்ட, ஏர்பேக்குக்குத் தோதான கவர் கிடைக்குது, அதைக் கேளுங்க. முன்னாடி மாட்டற புல் பாரும் இதே கதைதான். மோதலோட வேகம் சென்சாருக்குப் போற விதத்தை அது மாத்திடும், நடந்து போறவங்களுக்கும் ஆபத்து. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு இது மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. பெல்ட் போடாம பீப் சத்தத்தை மட்டும் நிறுத்தற கிளிப் இருக்கே, அதுக்கு விவாதமே தேவையில்ல. 2023 மே மாசம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு 5 ஆன்லைன் தளங்கள்லேருந்து 13,118 விற்பனைப் பக்கங்களைத் தூக்க வச்சது. இன்னும் உங்க கார்ல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

சட்டம் எங்க கோடு போடுது

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில உள்ள விவரத்துக்கும் முரண் வர்ற மாதிரி காரை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாசம் வரைக்கும் சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும்ங்கறதைக் கவனிங்க.

மியூசிக், மேட், சீட் கவர் இதெல்லாம் ஆர்சி விவரத்தைத் தொடறதில்ல. நிறம், எரிபொருள், இன்ஜின், பாடி அமைப்பு தொடும், ஆர்டிஓ அனுமதி வேணும். இதுல நம்ம ஊர்ல அதிகமா நடக்கறது சிஎன்ஜி. அங்கீகாரம் பெற்ற கிட், ஆர்சியில பதிவு, பாலிசியில பதிவு, மூணும் வேணும். பாலிசிக்கு 60,000 ரூபாய் கிட்டுக்கு 4%, அதாவது 2,400 ரூபாய், கூட தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாய். இதை மிச்சம் பண்றதுக்காகச் சொல்லாம ஓட்டறவங்களை நான் பார்க்கறேன், எனக்குப் புரியவே இல்ல. 3 வருஷத்துக்கு ஒரு தடவை சிலிண்டர் டெஸ்டும் மறக்காதீங்க. சைலன்சர் சத்தம் கேட்டே ஆகணும்னா இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கட்டும்.

ஏற்கனவே மாடிஃபை பண்ணிட்டீங்கன்னா ரெனியூவல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பில்லையும் போட்டோவையும் வச்சு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பி எண்டார்ஸ்மென்ட் கேளுங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரலாம், மீதி நாளுக்கு மட்டும் பிரீமியம் வாங்குவாங்க. ஏஜென்ட்கிட்ட போன்ல சொன்னது கணக்குல வராது, எழுத்துல இருக்கணும். பில் இல்லாம வாங்கினவங்க அதே கடையில இப்பவாவது வரியைக் கட்டி வாங்க முடியுமான்னு பாருங்க. க்ளெய்ம் மறுத்தா முதல்ல கம்பெனிக்குப் புகார், 30 நாள்ல பதில் வரலைன்னாலோ பதில் திருப்தி இல்லைன்னாலோ ஒரு வருஷத்துக்குள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். சென்னையில அலுவலகம் இருக்கு, கட்டணம் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரைக்கும் விசாரிப்பாங்க, வக்கீல் தேவையில்ல.

கழட்டின ஒரிஜினல் வீலையும் ஹெட்லைட்டையும் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. கார் விக்கறப்போ நீங்க போட்ட 60,000-க்கு வாங்கறவர் பெருசா எதுவும் சேர்த்துத் தரமாட்டார், "என்னென்ன மாத்தியிருக்கீங்க சார்"னு கேட்டு விலையைக் குறைக்கத்தான் பார்ப்பார். ஒரிஜினலை மாட்டி காரைக் கொடுத்துட்டு, அலாயைத் தனியா வித்தா கொஞ்சமாவது கைக்கு வரும். அதுக்கும் பில் இருந்தா ரேட் கூட.