பாலைவனத்திற் பற்றரிச் சிக்கனம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே குவாட்சைட் என்றொரு பாலைவனச் சிற்றூர் உண்டு. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர், வீடுபோல் அமைந்த மோட்டார் வண்டிகளில் வந்து அங்கு தங்குவர். வெட்டவெளியில் மின்கம்பி ஏது? வண்டியின் பற்றரியே கதி.

100 அம்பியர்-மணி கொள்ளும் ஈயப் பற்றரியில் நாம் பாதியையே செலவிடலாம். அதற்குமேல் அடிக்கடி வடித்தால், தகடுகளிற் சல்பேற்று இறுகி அதன் ஆயுள் குன்றும்.

விளக்கை அணைத்துவிட்டோமென்று நாம் மகிழ்ந்திருப்போம். உண்மைக் கள்வன் எரிவாயுக் கணப்பின் விசிறியே. 7 அம்பியர் இழுக்கும் விசிறி 7 மணி நேரம் சுழன்றால் அந்தப் பாதி தீர்ந்துவிடும். விசிறி நின்றாற் கணப்பும் அணையும். விடியற்குளிரிற் குழந்தைகள் நடுங்குவர்.

ஆகவே அனுபவசாலிகள் கணப்பைக் குறைத்துக் கம்பளியைக் கூட்டுவர். பகலிற் சூரியத் தகடுகளால் பற்றரியை நிரப்புவர். வரவறிந்து செலவு செய்வோர்க்குப் பாலைவனமும் வீடாகுமன்றோ!