தனிச்சாவியை யாருக்கும் தராதீர்கள்

கிட்ஹப் தளத்தில் கட்டளை வரி வழியாக நிரலை (கோடு) ஏற்ற 2021 ஆகஸ்ட் 13 முதல் கணக்கின் கடவுச்சொல் செல்லாது. பலரும் எஸ்எஸ்எச் சாவிக்கு மாறிவிட்டார்கள். மாறியது நல்லதுதான். ஆனால், சாவியைக் கையாள்வதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எது ரகசியம்?

டெர்மினலில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையை ஈடி25519 வகை கொடுத்து இயக்கினால் இரண்டு ஃபைல்கள் உருவாகும். '.பப்' என்று முடிவது பொதுச்சாவி. கிட்ஹப் செட்டிங்ஸில் ஒட்ட வேண்டியது இதை மட்டும்தான். யார் பார்த்தாலும் பாதகமில்லை. மற்றது தனிச்சாவி. உள்நுழையும்போது உங்கள் கணினி அதைக் கொண்டு கையொப்பம் மட்டுமே இடும்; சாவி வெளியே போகாது. ஆகவே வாடிக்கையாளர் சேவை என்று அழைப்பவரோ உடன் வேலை செய்பவரோ கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். புதிதாகச் சேருபவர் தன் சாவியைத் தானே உருவாக்கிக்கொள்ளட்டும்.

எங்கே ஆபத்து?

சாவி உருவாகும்போது 'பாஸ்ஃபிரேஸ்' கேட்கும். பலர் இரண்டு முறை என்டர் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பாஸ்ஃபிரேஸ் இல்லாத தனிச்சாவி ஃபைல் திருடுபோனால், எடுத்தவர் நேராக உள்ளே போகலாம். எஸ்எஸ்எச் வழியில் ஓடிபி கேட்காது.

முதன்முறை இணையும்போது திரையில் வரும் சர்வரின் கைரேகைக் குறியீட்டை கிட்ஹப் வெளியிட்டிருப்பதோடு ஒப்பிடாமல் 'யெஸ்' அடிக்காதீர்கள். அந்தக் குறியீடும் மாறக்கூடும்: 2023 மார்ச்சில் கிட்ஹப் சர்வரின் சொந்த ஆர்எஸ்ஏ தனிச்சாவியே ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளிப்பட்டு, அதை மாற்ற வேண்டியதாயிற்று.

கசிந்துவிட்டால்?

* முதலில் செட்டிங்ஸில் அந்தச் சாவியை நீக்குங்கள், விசாரணை பிறகு.
* புதுச் சாவி உருவாக்குங்கள். ரெப்போவிலிருந்து ஃபைலை அழித்தால் மட்டும் போதாது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும்.
* செக்யூரிட்டி லாகில் உங்களுக்குத் தெரியாத சாவி சேர்ந்திருக்கிறதா, ரெப்போக்களில் அறியாத கமிட் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.
* கோடில் இருந்த டோக்கன்களையும் டேட்டாபேஸ் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். அலுவலக கோடு என்றால் உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

இந்தியாவில் அனுமதியின்றி, மோசடி நோக்கத்தோடு பிறர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 66-வது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் அளிக்கலாம். லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் சான்றாக உதவும்.

கருவிக்கு ஒரு சாவி வைத்து, 'வீட்டு லேப்டாப்', 'ஆபீஸ்' என்று பெயரிடுங்கள். லேப்டாப்பை விற்கும்போதோ வேலை மாறும்போதோ அந்த ஒன்றை மட்டும் நீக்கினால் போதும்.