பொள்ளாச்சிச் சாலைக்கு ஒரு சிறு கார்

நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உடைய சிறு கார்களின் மீது, கூடுதல் தீர்வையும் சேர்த்து 29 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டபடியால், அதுகாறும் மோட்டார் சைக்கிளோடு திருப்தி கொண்டிருந்த குடும்பங்களும், சொற்பத் தென்னந்தோப்பை நம்பி ஜீவிக்கும் விவசாயி முதல் மார்க்கெட் ரோட்டில் சிறு கடை நடத்துபவர் வரையில், இன்று பொள்ளாச்சியில் கார் ஷோரூமின் படியேறத் துணியலாம். அங்கே கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. “ஆன்ரோடு எவ்வளவுங்க வரும்?” என்பது ஒன்று, “மைலேஜ் எவ்வளவுங்க குடுக்கும்?” என்பது மற்றொன்று. உடன்வந்த பிள்ளைகள், திரை எத்தனை அங்குலம், மேற்கூரை திறக்குமா என்று விசாரிப்பார்கள். எதிரே வரும் லாரியின் மீது இந்த வண்டி மோத நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்ற கேள்வி மட்டும், நல்ல காரியத்தில் அபசகுனமாக எதற்குப் பேசுவது என்று கருதியோ என்னவோ, கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்தக் கேள்வியையே முதலில் கேட்க வேண்டும் என்பதும், விலையையும் வசதியையும் அதற்குப் பிறகே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

குறைந்த விலையில் கார் என்னும் எண்ணம் கொங்கு நாட்டுக்குப் புதியதன்று. 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழிலை ஆரம்பித்த ஜி.டி. நாயுடு, 1952-இல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய் விலைக்குக் கொடுக்கும்படி உருவாக்கினார் என்பதும், சர்க்கார் லைசென்ஸ் வழங்க மறுத்ததனால் அந்த முயற்சி அதோடு நின்றுபோயிற்று என்பதும் கோவை ஜில்லாவில் பலரும் அறிந்த சரித்திரம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு லட்ச ரூபாய்க் கார் என்ற கீர்த்தியோடு டாட்டா நானோ விற்பனைக்கு வந்த நாள் 2009 மார்ச் 23. நாயுடு பிறந்த தினமும் மார்ச் 23 என்பது, திட்டமிடாமல் நேர்ந்த ஒரு பொருத்தம். மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் சென்ற ஒரு குடும்பத்தைக் கண்ட இரக்கமே நானோவுக்கு மூலகாரணம் என்று ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். அந்த இரக்கத்தை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன்.

ஆனால் 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்னும் ஸ்தாபனம் இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு கார்களை, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவைத்துப் பரிசோதித்தபோது, நானோ, ஆல்ட்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்தும் ஏர்பேக் இல்லாத நிலையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அந்தப் பரிசோதனையின் உண்மையான படிப்பினை அந்தப் பூஜ்யங்களில் இல்லை. ஃபிகோவும் போலோவும் மோதலுக்குப் பின்னும் உருக்குலையாத கூடு, அதாவது மனிதர் அமரும் அறை, உடையனவாக இருந்தன. மற்ற மூன்றின் கூடு நொறுங்கிப்போனது. ஆகவே, இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோவை மறுபடி மோதவைத்தபோது அது நான்கு நட்சத்திரம் பெற்றது. கூடு நொறுங்கிய கார்களிலோ ஏர்பேக் வைத்தாலும் பெரும் பிரயோஜனம் விளையாது என்று பரிசோதித்தவர்கள் அபிப்பிராயப்பட்டார்கள்.

இதன் தத்துவத்தைப் பொள்ளாச்சிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. உயரத்திலிருந்து விழும் தேங்காயின் அதிர்ச்சியை மட்டை நசுங்கி ஏற்றுக்கொள்கிறது. உள்ளிருக்கும் ஓடு நசுங்காமல் பருப்பைக் காக்கிறது. காரின் முன்பாகம் மட்டையைப் போல மடிந்து கொடுக்க வேண்டும். மனிதர் அமரும் அறை ஓட்டைப் போல உறுதியாக நிற்க வேண்டும். ஏர்பேக் என்பது அந்த அறை நிலைத்து நின்றால் மட்டுமே வேலை செய்யக்கூடிய துணை. இது புரியாமல், “ஆறு ஏர்பேக் இருக்கிறதுங்க” என்ற ஒரு வார்த்தையிலே வாங்குபவர் திருப்தியடைந்துவிடுவதும், விற்பவர் அதோடு பேச்சை முடித்துக்கொள்வதும் சரியல்ல. 2021 அக்டோபரில் வெளிவந்த டாட்டா பஞ்ச் இரண்டே ஏர்பேக்குகளோடு பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2023-இல் பரிசோதிக்கப்பட்ட வேகன்ஆர், அதே இரண்டு ஏர்பேக் இருந்தும், ஒரு நட்சத்திரத்தோடு நின்றது. இடையில் 2022-இல் பரிசோதனை விதிகள் கடுமையாயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகையால் நட்சத்திரங்களை எண்ணும்போது அவை எந்த வருஷத்தில், எந்த மாடலுக்குக் கிடைத்தவை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இப்போது நமக்கே உரிய பாரத் என்கேப் பரிசோதனை 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்னிருந்து 64 கிலோமீட்டர் வேகத்திலும் பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலும் மோதவைத்து, பெரியவர்களுக்கு 32, குழந்தைகளுக்கு 49 என்ற மொத்த மதிப்பெண்களில் கணக்கிட்டு நட்சத்திரம் வழங்குகிறார்கள். ஆனால் இது தயாரிப்பாளரின் இஷ்டத்துக்கு விடப்பட்டது. சட்டம் கட்டாயப்படுத்தும் முன்மோதல் பரிசோதனையின் வேகம் 56 கிலோமீட்டரே. பரிசோதனைக்கு வராத காரைக் கெட்ட கார் என்று சொல்லிவிட முடியாது. எனினும், ஒரே விலையில் இரண்டு கார் இருந்து, ஒன்றுக்குச் சான்று இருந்து மற்றதற்கு இல்லையென்றால், சான்று உள்ளதைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

பாதுகாப்பு கூடினால் விலையும் கூடும், விலை கூடினால் ஏழைக் குடும்பம் ஸ்கூட்டரிலேயே தங்கிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. எல்லாக் கார்களுக்கும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற யோசனையை மத்திய அரசு 2022 ஜனவரியில் வெளியிட்டபோது மாருதி நிறுவனம் இந்த வாதத்தை வலியுறுத்தியது. 2023 செப்டம்பரில் அந்த யோசனையும் கைவிடப்பட்டது. 2022-இல் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்பதை நினைத்தால் வாதத்தை அலட்சியம் செய்ய இயலாது. ஆனால் அதே மாருதி, 2025-இல் ஆல்ட்டோ கே10, செலேரியோ, வேகன்ஆர் மூன்றிலும் ஆறு ஏர்பேக்குகளைக் கடைசி ரக மாடல் வரையில் தானாகவே பொருத்திவிட்டது. முடியாது என்று கருதப்பட்டது மூன்றே வருஷத்தில் முடிந்துவிட்டபடியால், இனி அந்த வாதத்துக்குப் பழைய வலு இல்லை.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. விளம்பரத்தில் வருவது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி, ஐந்து லட்சம் வரையில் 12 சதவீதம், அதற்கு மேல் பத்து லட்சம் வரையில் 13 சதவீதம். ஐந்து லட்ச ரூபாய்க் காருக்கு 60,000 ரூபாய் வரியென்றால், ஆறு லட்ச ரூபாய்க் காருக்கு 78,000 ரூபாய். மூன்று வருஷத்துக்கான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் இதர செலவும் அதற்கு மேல். டி.என். 41 பலகை மாட்டி வண்டி வீட்டுக்கு வரும்போது, ஆறு லட்சம் ஏழு லட்சத்தை நெருங்கிவிடும். ஒரு லட்ச ரூபாய் அதிகக் கடனுக்கு, 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத் தவணையென்றால், மாதம் சுமார் 2,080 ரூபாய் கூடுகிறது. அந்தத் தொகையைப் பெரிய திரைக்கும் அலாய் சக்கரத்துக்கும் கொடுக்கலாம். உறுதியான கூடும், வழுக்கும்போது வண்டியை நிலைநிறுத்தும் மின்னணு ஸ்திரக் கட்டுப்பாடும் உள்ள காருக்கும் கொடுக்கலாம். திரையைப் பின்னால் எந்தக் கடையிலும் வாங்கி மாட்டிக்கொள்ள முடியும். கூட்டை எந்தப் பட்டறையிலும் மாற்ற முடியாது.

வசதிகளை எடைபோடும்போது, எந்தச் சாலையில் ஓட்டப்போகிறோம் என்பதே அளவுகோல். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டையூசி வளைவுகள். ஐந்து பேரும் சாமானுமாக இறங்கும் வண்டி, இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடிப்பிலே மெதுவாக வர வேண்டும். பிரேக்கையே நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும். அங்கே மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி பின்வாங்காமல் பிடிக்கும் வசதியும், மூடுபனியில் பின்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரும் மெய்யாகவே உதவும். கோவைச் சாலையிலோ, மட்டை ஏற்றிப் பின்விளக்கின்றிச் செல்லும் டிராக்டரை இரவில் காட்டிக்கொடுக்கும் நல்ல முகப்பு விளக்கு வேண்டும். திறக்கும் மேற்கூரைக்கு நம் வெயிலில் வருஷத்தில் எத்தனை நாள் உபயோகம் என்பதை வாங்குகிறவரே யோசித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, நல்ல காரையும் வீணாக்கும் காரியங்கள் சில உண்டு. பெல்ட் போடாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கையை நிறுத்துவதற்கென்றே ஒரு சிறு கொக்கி விற்கிறார்கள். அதை விற்கலாகாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 மே மாதத்தில் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பெல்ட் அணியாமல் 2022-இல் இறந்தவர்கள் 16,715 பேர்; அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் பயணித்தவர்கள். முன்புறம் மாட்டும் இரும்புக் கம்பி, மடிய வேண்டிய பாகத்தை மடியவிடாமலும் ஏர்பேக் திறக்கும் தருணத்தைக் கெடுத்தும் தீங்கு செய்வதால் 2017-இலேயே தடை செய்யப்பட்டது. இருக்கையின் பக்கத்தில் ஏர்பேக் உள்ள காருக்குச் சாதாரண சீட் கவர் தைத்துவிட்டால் அந்த ஏர்பேக் விரிய வழியில்லை. பின்னிருக்கையின் நடுப் பெல்ட்டின் கொக்கியோ, பல வண்டிகளில், புதிய துணிக்கு அடியில் புதைந்தே போய்விடுகிறது. வீட்டுப் பாட்டியம்மாள் உட்காரும் இடம் பெரும்பாலும் அதுதான். ஆகவே, ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் பூஜை போட வண்டியை எடுத்துச் செல்வதற்கு முன்பே, கவர் தைக்கிறவரின் பக்கத்தில் நின்று, பின்னிருக்கைக் கொக்கிகள் எல்லாமும் வெளியே தெரிகின்றனவா என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.