தலைச்சன் பிள்ளையும் தகப்பனின் நாளும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குச் சட்டியும் தலைத்துண்டுமாக ஆடவரும் பெண்டிரும் அவற்றில் நெருங்கி அமர்ந்து, முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் சுற்றிப் போடிமெட்டை அடைந்து, அப்பாலுள்ள கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பிரிந்து செல்கின்றனர். சிலமலை, இராசிங்காபுரம், சில்லமரத்துப்பட்டி முதலிய கிராமங்களிலிருந்து செல்வோரும் பலர். மாலையில் அவர்கள் வீடு சேரும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். இவ்வாறு கழியும் நாளில், முதன்முறையாகத் தந்தையான ஓர் இளைஞன் தன் குழந்தைக்கென எந்த நேரத்தை ஒதுக்க இயலும் என்று கிராமக் கூட்டம் ஒன்றில் நாம் வினவினோம். சிரிப்பொலி எழுந்தது. முதியவர் ஒருவர், "அதெல்லாம் பொம்பளையாளுக பாத்துக்கிருவாகய்யா, இவன் கூலி கொண்டாந்தாப் போதும்" என்றார். கூலி வேண்டும் என்பதில் ஐயமில்லை. போதும் என்பதில்தான் நாம் மாறுபடுகிறோம்.

நம் பக்கத்து வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துச் செல்வர். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ சீருடன் கணவன் வீட்டிற்குக் கொணர்ந்து விடுவர். பெற்றவள் அருகில் மகளுக்குக் கிடைக்கும் ஆறுதல் வேறெங்கும் கிடைக்காதாகையால், இவ்வழக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் அதனால் ஒரு தீங்கு விளைகிறது. குழந்தை தன் வீட்டிற்கு வந்து சேரும் நாளில்தான் தன் பொறுப்பு தொடங்குவதாகத் தகப்பன் எண்ணிவிடுகிறான். அதற்குள் பிறப்புப் பதிவிற்குரிய 21 நாட்கள் கடந்துவிடும். ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களின் தடுப்பூசித் தவணைகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். தாய் உறக்கமின்றித் தவித்த இரவுகளும் கழிந்திருக்கும்.

முதலில் பதிவைப் பற்றிக் கூறுவோம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை எவ்விடத்தில் பிறந்ததோ அவ்விடத்திலேயே பதிவு செய்யப்பெற வேண்டும். பெற்றோர் போடியில் வசித்தாலும், மலைமேல் கேரளத்து ஊரில் பிறந்த குழந்தைக்கு அவ்வூர்ப் பதிவாளரே சான்று தருவார். வலி கண்டு இறங்கும் வழியில் வண்டியிலேயே பிறந்துவிட்டால், வண்டி முதலில் நிற்கும் இடத்தில் பதிவு செய்தல் வேண்டும். தகவல் தரும் கடமை வண்டிக்குப் பொறுப்பானவரைச் சேரும். ஜீப் ஓட்டுநர்கள் இதை அறிந்திருத்தல் நலம். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையாரே தெரிவித்துவிடுவர். எனினும் தகப்பன் கவலையற்றிருத்தல் ஆகாது. நம் முதல் குழந்தை மனைவியின் ஊரில் பிறந்தபோது, அலுவலக வேலையைக் காரணம் காட்டி நான்காம் நாளே திரும்பிவிட்டோம். நமது பெயரும் தலைப்பெழுத்தும் பிழையாகப் பதிவாகியிருந்ததைப் பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் கண்டோம். அப்பிழையைத் திருத்த நாம் ஏறி இறங்கிய படிகள் பல. தவறு எழுதியவருடையதாயினும், உடனே வாங்கிப் படித்துப் பாராத குற்றம் நம்முடையதே. 1-10-2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றே மூல ஆவணம் ஆகிவிட்டபடியால், எழுத்துப் பிழையை இனி எவரும் சிறிதென எண்ண இயலாது. பெயர் சூட்டுமுன்னரே பதிவு செய்யலாம். பின்னர் ஓராண்டிற்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

நிற்க. மலையிலிருந்து தகப்பன் தன்னை அறியாமலே வீட்டிற்குக் கொண்டுவரும் ஒரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ஏலச் செடிக்கு இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் பெரும் பகை. ஆகவே தோட்டங்களில் ஆண்டில் பலமுறை பூச்சிமருந்து அடிக்கின்றனர். காய் எடுப்பில் பெண்டிர் மிகுதி. மருந்தடிப்பு பெரும்பாலும் ஆடவர் வேலை. அம்மருந்து சட்டையிலும் கைலியிலும் தலைத்துண்டிலும் மயிரிலும் ஒட்டிக்கொண்டு ஜீப்பேறி ஊர்வரை வந்துவிடும். களைத்து வந்தவன் ஆசை மிகுதியால் வாசலிலேயே குழந்தையை வாரி எடுத்து மார்பில் சார்த்திக்கொள்கிறான். சிசுவின் தோலோ மிக மெல்லியது. உடலின் எடையை நோக்கத் தோலின் பரப்பும் அதிகம். எதையும் வாயில் வைத்துச் சப்புவது அதன் இயல்பு. எனவே மருந்தடித்தவர் தோட்டத்திலேயே கைகால் முகம் கழுவி, உடை மாற்றி, வேலை உடையைத் தனிப் பையில் இட்டுக் கொணர்தல் வேண்டும். வீட்டில் சோப்பிட்டுத் தலை முழுகிய பின்னரே குழந்தையைத் தொடலாம். வேலை உடையைத் தூளிச் சேலையுடன் ஒரே வாளியில் ஊறவைத்தல் கூடவே கூடாது. காலி மருந்து டப்பாவை வீட்டிற்குக் கொண்டுவருவதும் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வதும் அதனினும் கேடு. பீடி புகைப்போருக்கும் இதையே சொல்வோம். வெளியே புகைத்துவிட்டு வந்தாலும் புகையின் நஞ்சு சட்டையில் தங்கியிருக்கும்.

தாய்ப்பால் ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் தகப்பன் செய்யலாம். பிறந்த சிசு நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் அருந்தும். இரவு பகல் பேதம் அதற்கில்லை. பாலூட்டிய பின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்தல், துணி மாற்றுதல், தூளி ஆட்டுதல் ஆகிய இவற்றை முன்னிரவில் இரண்டு மணி நேரம் அவன் ஏற்றால், தாய்க்கு இரண்டு மணி உறக்கம் கிட்டும். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் அரிய உதவி அவனிடம் உண்டு. 1978-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமையால், எட்கர் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து அணைத்துவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை எனப் பெயர்பெற்ற இதனை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாய் களைத்த வேளையில் தந்தையின் மார்பும் அதே வெப்பத்தைத் தரும். குரங்கணி, முதுவாக்குடி போன்ற குளிர்ந்த மலைக் குடியிருப்புகளில், இரண்டரைக் கிலோவிற்குக் குறைந்த குழந்தைக்கு இது எத்துணைப் பயனென்று சொல்ல வேண்டுவதில்லை.

பிள்ளை தூக்கினால் ஆண்மை குன்றும் என்று கேலி செய்வோர் உளர். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரத்து இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தந்தையானபின் ஆடவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு தணிவதும், நாள்தோறும் மூன்று மணிக்கு மேல் குழந்தையைப் பராமரிப்போரிடம் அது மேலும் குறைந்திருப்பதும் தெரியவந்தன. அது நோயன்று, பராமரிப்பிற்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்வதே என ஆராய்ச்சியாளர் கருதினர். கேலி செய்வோர் சற்றே ஆறுதல் கொள்ளட்டும்.

வீட்டுப் பெரியோரிடம் மரியாதை குன்றாமல் மறுத்துச் சொல்ல வேண்டிய இடமும் தகப்பனுக்கு உண்டு. பிறந்ததும் சேனை தொட்டு வைப்பதாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாவில் தடவுவர். ஓராண்டிற்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது. அதிலுள்ள ஒருவகை நுண்கிருமி நரம்பைத் தளர்த்தும் நோயை உண்டாக்கலாம். சீம்பாலே முதல் உணவு. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு நிமிடத்திற்கு அறுபதைத் தாண்டினாலும், உடல் சுட்டாலும், சில்லிட்டாலும், வலிப்புக் கண்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலும், காத்திராமல் 108 வண்டியை அழைத்தல் வேண்டும். போடி அரசு மருத்துவமனையும், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்திலேயே உள்ளன.

இனிப் பணத்திற்கு வருவோம். மகப்பேற்று விடுப்பு 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்தது. தகப்பனுக்கென அதில் ஒரு நாளும் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாட்கள் உண்டு. நாட்கூலிக்கு மலையேறுபவனுக்கோ, ஏறாத நாளில் கூலியும் இல்லை. ஆடி ஆவணி தொடங்கித் தை வரை காய் எடுப்புக் காலம். அக்காலத்தில் ஒரு நாளை விடுவது எளிதன்று என்பதை நாம் அறியாதவரல்லோம். ஆதலின் மனைவி கருவுற்ற நாள் முதலே வாரந்தோறும் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்தல் வேண்டும். சேமிப்பின்றேல், ஆறு மாதம் நிறையுமுன் தாயும் ஜீப்பேற நேரும். குழந்தைக்குப் புட்டிப்பால் வந்துசேரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018 முதல் ரூ.18,000 ஆக உயர்த்தப்பெற்றது. அதனைப் பெறக் கருவுற்ற பன்னிரண்டு வாரங்களுக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்தல் அவசியம். அன்றைக்கு மனைவியுடன் செல்ல வேண்டியவன் கணவனே.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஜீப்புகள் நிற்குமிடத்தில் தடுப்பூசித் தவணைகளை எழுதிய பலகை ஒன்றை நிறுத்தலாம். மலைமேல் தோட்டம் வைத்திருப்போர் பலர் நம் பக்கத்தவரே. மருந்தடிப்போர் கழுவிக்கொள்ள நீரும் சோப்பும் வைக்குமாறும், தவணை வரும் புதன்கிழமையில் தகப்பனுக்கு மாற்றாள் விடுமாறும் அவர்களிடம் பேசலாம்.

அன்றைய கூட்டம் கலைந்தபின் இளைஞன் ஒருவன் நம்மிடம் தயங்கி வந்தான். மனைவி தாய்வீட்டில் இருப்பதாகவும், குழந்தை பிறந்து ஒரு மாதமாகிறதென்றும் கூறி, ஆறாம் வாரத்து ஊசி எந்தப் புதன்கிழமை வருமென்று கேட்டான். விரல்விட்டு எண்ணிச் சொன்னோம். "அன்னைக்குக் காய் எடுப்பாச்சே" என்று முணுமுணுத்தவன், சற்று நின்று, மாமனார் ஊருக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அருகிலிருந்தவரை விசாரிக்கலானான்.