பூங்காவில் சீகோங்: மெதுவான மூச்சு உடலுக்கு என்ன செய்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போனால் மெதுவோட்டம் ஓடுபவர்களுக்கு நடுவே வேறொரு கூட்டத்தையும் பார்க்கலாம். மர நிழலில் வரிசையாக நிற்பார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். தண்ணீருக்குள் அசைவதுபோல் கைகள் மெல்ல மேலே எழும். மெல்லக் கீழே இறங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பூங்காக்களில் இது அன்றாடக் காட்சிதான். அவர்கள் செய்வது தாய்ச்சியாக இருக்கலாம். அதன் உறவுக்காரப் பயிற்சியான சீகோங்காகவும் இருக்கலாம்.

சீன மொழியில் 'சீ' என்றால் மூச்சு, காற்று, உயிராற்றல் என்று பல பொருள்கள் உண்டு. 'கோங்' என்பது விடாப் பயிற்சியால் வரும் திறன். நம்மவர்களுக்கு இது புதிய எண்ணம் அல்ல. திருமூலரின் திருமந்திரமும் மூச்சை நெறிப்படுத்துவது பற்றி விரிவாகப் பேசுகிறது.

"அவர்களைப் பாருங்கள், எழுபது வயதிலும் எவ்வளவு சுறுசுறுப்பு! சீகோங் செய்தால் நூறு வயது வாழலாம்" என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள், மாணவர்களே? சற்று யோசியுங்கள். முட்டி வலியால் நடக்க முடியாதவர் காலை ஏழு மணிக்குப் பூங்காவுக்கு வரமாட்டார். படுத்த படுக்கையாக இருப்பவரும் வரமாட்டார். ஏற்கெனவே ஓரளவு நலமாக இருப்பவர்கள்தாம் அங்கே நிற்கிறார்கள். ஆகவே, சீகோங் செய்ததால் நலமாக இருக்கிறார்களா, நலமாக இருப்பதால் சீகோங் செய்ய வருகிறார்களா என்பதைப் பூங்காவைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

முதலில் இதன் வயதைப் பார்ப்போம். சீனாவின் ஹூனான் மாநிலத்தில் மவாங்துய் என்ற இடத்தில் 1973இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட அந்தக் கல்லறைக்குள் ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. அதில் ஆணும் பெண்ணுமாக 44 பேர் கைகளை நீட்டியும் உடலை வளைத்தும் பயிற்சி செய்கிறார்கள். அசைவுகள் அவ்வளவு பழையவை. ஆனால் 'சீகோங்' என்ற பெயர் இவை அனைத்துக்கும் பொதுப்பெயராகப் பரவியது 1950களில்தான். லியூ குய்ஜென் என்பவர் சீன அரசின் ஆதரவோடு இவற்றைத் தொகுத்து, உடல்நல நிலையங்களில் கற்பிக்கத் தொடங்கினார்.

'ஏழாம் அறிவு' படம் பார்த்தவர்கள் இங்கே கை தூக்குவீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தானே சீனர்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்? தசைநார்களை வலுப்படுத்தும் பயிற்சிகளைச் சொல்லும் 'யிஜின் ஜிங்' என்ற நூலை அவர் பெயரில் சொல்வதுண்டு. ஆனால் அந்த நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. போதிதர்மரோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவர். கேட்கப் பெருமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு கதை வரலாறு ஆகிவிடாது.

இனி உடலுக்குள் போவோம். படிவம் மூன்று அறிவியலில் சுவாசம் பற்றிய பாடம் உங்களுக்கு இருக்கிறது. மலாயில் 'டியாஃப்ராக்மா' என்று படித்திருப்பீர்கள். தமிழில் அது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே இருக்கும் தசைத் தடுப்பு. அது கீழே இறங்கும்போது நுரையீரல் விரிகிறது, வயிறு முன்னே தள்ளப்படுகிறது. சீகோங் ஆசிரியர்கள் "வயிற்றால் மூச்சு விடுங்கள்" என்று சொல்வது இதைத்தான். வயிற்றுக்குள் காற்று போவதில்லை.

ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது. இதில் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் தங்கி, வாயு மாற்றம் நடக்கும் நுண்ணறைகளை எட்டாமலே திரும்பிவிடுகிறது. இப்போது ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் மொத்தம் 7,500 மில்லிலிட்டர்; நுண்ணறைகளுக்குப் போவது 15 × 350 = 5,250. அதே 7,500 மில்லிலிட்டரை 6 ஆழ்ந்த மூச்சுகளில் இழுத்தால் ஒவ்வொன்றும் 1,250; நுண்ணறைகளுக்குப் போவது 6 × 1,100 = 6,600. இழுத்த காற்று அதேதான். பயன்பட்டது நான்கில் ஒரு பங்கு கூடுதல்.

உடனே "இரத்தத்தில் ஆக்சிஜன் நிரம்பி வழியும்" என்று எழுதிவிடாதீர்கள். நலமாக இருப்பவரின் சிவப்பணுக்கள் சாதாரண மூச்சிலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் இருக்கின்றன. மெதுவான மூச்சின் உண்மையான ஆதாயம் வேறிடத்தில், அதாவது இதயத்தில், இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று வேகம் எடுக்கும்; விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறி இறங்கும் தாளமும் மூச்சின் தாளமும் ஒன்றாகச் சேர்கின்றன. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு சுவையான செய்தியை வெளியிட்டார்கள். லத்தீன் செபமாலையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற பௌத்த மந்திரமும் சொல்பவரின் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்குக் கொண்டுவந்தனவாம்! எந்தச் சமயத்துக்காரருக்கும் நரம்பு மண்டலம் ஒன்றுதான்.

ஆனால் 'சீ' என்ற ஆற்றலை இதுவரை எந்தக் கருவியும் அளந்ததில்லை. இயற்பியல் பாடநூலில் அதைத் தேட வேண்டாம்.

சரி, பூங்காக் கேள்விக்கு எப்படி விடை காண்பது? அதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலுள்ள கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா இரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் 'யுனிவர்சிட்டி'. அதன் பெயருக்குக் காரணமான மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோ சியூ யிம் தலைமையிலான குழு, 2010-2011இல் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று மீண்ட பெண்களிடையே ஓர் ஆய்வு நடத்தியது. 197 பேர், எட்டு வாரங்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீகோங், இன்னொன்றுக்கு ஏரோபிக் வகைப் பயிற்சி, மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

இரண்டாவது குழு எதற்கு? மருந்தைச் சோதிக்கும்போது மருந்தில்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடுவார்கள். வெற்று உடற்பயிற்சி என்று ஒன்றை எப்படிக் கொடுப்பது? வீட்டைவிட்டு வெளியே வருவது, நாலு பேரோடு பேசிச் சிரிப்பது, கை கால் அசைப்பது ஆகிய இவையே ஒருவரைத் தேற்றிவிடும். அதனால்தான் இவையெல்லாம் உள்ள, ஆனால் சீகோங் அல்லாத, ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

2014இல் முடிவு வெளிவந்தது. வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் சீகோங் குழு மற்ற இரு குழுக்களையும்விட ஏறத்தாழ ஏழு புள்ளிகள் முன்னே இருந்தது. அதை ஆய்வாளர்களே 'சற்றே மேம்பாடு' என்றுதான் அழைத்தார்கள். பயிற்சியைத் தவறாமல் பின்பற்றியோர் வீதம் 63 விழுக்காடு. ஆக, பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. ஆயுள் கூடுமா என்று இந்த ஆய்வு கேட்கவே இல்லை. எட்டு வாரத்தில் கேட்கவும் முடியாது. தாய்ச்சியில் இன்னும் தெளிவான ஒரு பலன் தெரிந்திருக்கிறது. 2019இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, அதைச் செய்யும் முதியவர்களில் தவறி விழுவோரின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பாட்டி ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆபத்து எங்கே வருகிறது? "மருத்துவமனை வேண்டாம், மூச்சுப் பயிற்சியே போதும்" என்று யாராவது சொல்லும்போது. புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழிகளை மட்டும் நம்பிய 281 பேரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், அவர்கள் இறக்கும் அபாயம் சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். கோலாலம்பூர் ஆய்வில் பங்கேற்ற பெண்கள் சிகிச்சைக்குப் பதிலாகச் சீகோங் செய்யவில்லை. சிகிச்சைக்குப் பிறகு செய்தார்கள்.

அடிப்படை நிலையை நீங்களும் செய்து பார்க்கலாம். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். முட்டியைச் சற்றே தளர்த்துங்கள். தோள்கள் தொங்கட்டும். வாயை மூடி, நாக்கு நுனியை மேலண்ணத்தில் மெல்ல வையுங்கள். மூக்கால் ஐந்து விநாடி இழுத்து, ஐந்து விநாடி விடுங்கள். இழுக்கும்போது இரு கைகளையும் தலைக்கு மேலே வானத்தைத் தாங்குவதுபோல் உயர்த்துங்கள், விடும்போது இறக்குங்கள். 'பாதுவான்ஜின்' என்ற எட்டு அசைவுத் தொகுப்பின் முதல் அசைவு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மூச்சை அடக்க வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்தி உட்காருங்கள். ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

பிறகு உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடி அதே தாளத்தில் மூச்சு விடுங்கள். இழுக்கும்போது நாடி விரைவதையும் விடும்போது தணிவதையும் விரல் நுனியிலேயே உணரலாம். உங்கள் வயதில் இது நன்றாகவே தெரியும். அறிவியல் கழகத்தில் இதைச் செய்வதானால், நண்பர் ஒருவரை அதே நேரம் சும்மா உட்காரச் சொல்லி, இருவருடைய நாடித்துடிப்பையும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். யார் பயிற்சி செய்வது, யார் சும்மா இருப்பது என்பதை ஒவ்வொரு நாளும் காசு சுண்டி முடிவு செய்யுங்கள்.